மிஸ் இந்தியா தங்கம் வாங்கிய வாரம்

மத்திய வங்கியில் வேலை பார்ப்பவர்கள் தங்கம் வாங்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன். ஊழியர் விதிகளில் கடன் வாங்குவது பற்றி இருந்தது, பரிசு வாங்குவது பற்றி இருந்தது, குதிரைப் பந்தயத்துக்குப் போவது பற்றிக்கூட ஒரு பத்தி இருந்தது. தங்கச்சி கல்யாணத்துக்கு நாலு வளையல் வாங்கினால் ஒரு நாட்டின் பணமே ஆட்டம் காணும் என்று எழுதி வைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

வங்கி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் வந்து பேசச் சொன்னார்கள். பேசினால் எனக்குக் கோபம் வரும், யாராவது போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாதியில் எழுந்து வந்துவிடுவேன், அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். கணக்கு முடிப்பது, கம்ப்யூட்டரில் எதை எங்கே அழுத்துவது என்பதெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறது. அவை நீங்கள் கற்றுக்கொண்ட மறுநாளே மாறியும் போகும். எனக்குச் சொல்லத் தெரிந்தது வேறு.

நான் இந்த ஊர்தான், சாரத்துக்காரி. அப்பாவுக்கு மில்லில் வேலை. அம்மா முதலில் போனார், கொஞ்ச வருடத்தில் அப்பாவும் போனார். நானும் என் தங்கை ஸ்டெல்லாவும் மிஞ்சினோம். அவள் எனக்கு ரொம்ப இளையவள். நான் இங்கே ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்தபோது அவள் பால்பல் விழுந்து பொக்கை வாயோடு நின்றாள். அவளுக்குத் தலை பின்னி, ரிப்பன் கட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் நான் ஆபீசுக்குப் போவேன். அவள் பத்தாவது முடித்த சமயத்தில், கரீபியன் கடலில் ஒரு தீவு நாட்டின் மத்திய வங்கி அந்நியச் செலாவணிப் பிரிவுக்கு ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பதாக விளம்பரம் வந்தது. சம்பளத்தைப் பார்த்து வாயைப் பிளந்தேன். ஸ்டெல்லாவைச் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு, மூன்று வருடத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் புறப்பட்டேன். ஒப்பந்தத்தை நீட்டினார்கள், பிறகும் நீட்டினார்கள், நானும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். தலை நரைத்த பிறகுதான் ஊர் திரும்பினேன்.

தீவின் பெயர் வேண்டாம். அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அந்த நாட்டு வங்கியின் வரலாறு சின்னதுதான். வெள்ளைக்காரன் இருந்தவரை அவர்களுக்கென்று தனிப் பணம் கிடையாது. பக்கத்துத் தீவுகளோடு சேர்த்து ஒரு வாரியம் நோட்டு வெளியிட்டது. எவ்வளவு நோட்டு வெளியே போகிறதோ அவ்வளவுக்கு ஈடாக லண்டனில் பவுண்டு இருக்க வேண்டும். அந்த வாரியத்துக்கு யோசிக்கிற வேலையே இல்லை. விடுதலை கிடைத்தது, கொடி வந்தது, தேசிய கீதம் வந்தது, அதற்கப்புறம் சொந்தமாக ஒரு மத்திய வங்கியும் வந்தது. முதல் நோட்டு கைக்கு வந்தபோது வயசாளிகள் அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, இதைக் கடல் தாண்டி எவன் வாங்குவான் என்று கேட்டார்களாம். நம் ஊரில் பிரெஞ்சுப் பணம் போய் இந்தியப் பணம் வந்தபோதும் இப்படித்தான் முனகினார்கள் என்று அப்பா சொல்லுவார். அதனால் அந்தத் தீவு எனக்கு முதல் நாளே அந்நியமாகப் படவில்லை.

அரிசி, மாவு, மருந்து எல்லாம் அங்கே கப்பலில்தான் வர வேண்டும். கப்பல்காரன் டாலர்தான் கேட்பான். எங்கள் பணத்துக்கும் அமெரிக்க டாலருக்கும் ஒரு விகிதம் கட்டி வைத்திருந்தோம். இது மாறாது என்பது வங்கி ஊருக்குக் கொடுத்த வாக்கு. யார் எங்கள் நோட்டைக் கொண்டுவந்து கேட்டாலும் அதே விகிதத்தில் டாலர் கொடுக்க வேண்டும். ஊரே ஒரே நாளில் வந்து கேட்டால் எந்தக் கையிருப்பும் தாங்காது. ஆகவே ஊர் ஒரே நாளில் வந்து கேட்காமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் பிழைப்பு.

அந்த வங்கியின் தலைவருக்குக் கவர்னர் என்று பட்டம். நம் கடற்கரைப் பக்கம் மாளிகையில் இருப்பாரே, அந்தக் கவர்னர் இல்லை. இவர் ஒரு பெண்மணி. ஆஜானுபாகுவான உடம்பு, தலையில் எப்போதும் ஒரு வைக்கோல் தொப்பி, காலில் தட்டைச் செருப்பு. கார் இருந்தும் வீட்டிலிருந்து மீன் சந்தை வழியாக நடந்துதான் ஆபீசுக்கு வருவார். நான் சேர்ந்த முதல் வாரத்தில் என்னையும் அந்த வழியாக இழுத்துக்கொண்டு நடந்தார். தீவுக்காரர்கள் பேசியது ஒருவிதமான ஆங்கிலம். ஆனால் அது என் காதில் நம் ஊர்ப் பேச்சாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

"இந்த ஊர்ல நம்ம வருஷ அறிக்கைய எவனும் படிக்க மாட்டான்" என்றார் அவர். "நம்ம மூஞ்சியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவாங்க. அதனால தெனம் ஒரு தடவ மூஞ்சியக் காட்டிட்டுப் போ."

காட்டினேன். மீன் விற்கிற டோரத்தி எனக்கு வாடிக்கையானது அப்படித்தான். அங்கே மரியாதைக்குப் பெண்களை மிஸ் போட்டுக் கூப்பிடுவார்கள். என் பெயர் வாயில் நுழையாததால் டோரத்தி என்னை மிஸ் இந்தியா என்றாள். சந்தையே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. சிரிக்காதீர்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே கிரீடம் அதுதான்.

இப்படி இருக்கும்போது ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை, கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் அவளும் பிரான்சுக்குப் போய்விடுவாள். அப்பா இல்லாத பெண்ணைக் மாதா கோயிலுக்குள் கைபிடித்து அழைத்துப் போகிற உரிமை சித்தப்பாவுக்கு. அவரும் அதற்காகக் கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டார். ஸ்டெல்லா எனக்குப் போன் போட்டாள்.

"சித்தப்பால்லாம் வேணாம்க்கா. நீதான் என் கையப் புடிச்சு பீடம் வரைக்கும் கூட்டிட்டுப் போணும்."

"பொம்பள கூட்டிட்டுப் போனா சாமியாரு ஒத்துக்குவாரா?"

"நான் கேட்டுட்டேன். ஒத்துக்கிட்டாரு. நீ வந்துடு, அது போதும்."

போனை வைத்துவிட்டு நான் அழுதேன். என்னைப் பார்த்தால் அப்படித் தெரியாது, ஆனால் அழுதேன். லீவு கேட்டேன், கிடைத்தது. டிக்கெட் போட்டேன். சனிக்கிழமை விமானத்தில் லண்டன் போய் அங்கிருந்து மெட்ராஸ், அடுத்த புதன்கிழமை சாயங்காலம் கல்யாணம். அந்தச் சனிக்கிழமையை விட்டால் அடுத்த விமானமே புதன்கிழமைதான்.

வளையல் அந்தத் தீவிலேயே செய்தேன். வீராசாமி என்று ஒரு பொற்கொல்லர். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் நம் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டக் கப்பலேறியவர். வீராசாமிக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் கெட்டி வளையல் செய்வதில் அவர் கைக்கு ஈடில்லை. முனையில் மொட்டு வைத்து, பார்த்தாலே கண் நிறையும்படி செய்துகொடுத்தார். அந்த மனுஷருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மத்திய வங்கி அம்மா என்னிடம்தான் தங்கம் வாங்கினார் என்று முடிவெட்டுகிற கடையில் சொல்லியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தும் சொல்லியிருக்கிறார். டிக்கெட் போட்ட பெண்ணும் தன் பங்குக்குச் சொல்லியிருக்கிறாள்.

யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வருடம் வாழைப்பழத்துக்கு விலை இல்லை, ஓட்டல்கள் காலி, பக்கத்து நாடு ஒன்று தன் பணத்தின் மதிப்பைக் குறைத்திருந்தது. ஏற்கெனவே பயந்துபோயிருந்த ஊர், டாலர் பிரிவில் உட்கார்ந்திருப்பவள் தங்கம் வாங்குகிறாள், விமானத்துக்கும் பணம் கட்டிவிட்டாள் என்று கேள்விப்பட்டது. நம் பணத்தின் மதிப்பையும் குறைக்கப் போகிறார்கள், அது இவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று அவர்கள் போட்ட கணக்கில் தப்பே இல்லை. நான் அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் போட்டிருப்பேன்.

திங்கட்கிழமை வீராசாமி கடையில் கூட்டம். செவ்வாய்க்கிழமை வங்கிகளின் வாசலில் கூட்டம், எல்லாரும் டாலர் கேட்டு. புதன்கிழமை காலையில் கவர்னர் அறையில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். துணை கவர்னர் வியர்த்துக்கொண்டிருந்தார்.

"ரேடியோவுல சொல்லிடலாம் மேடம். மதிப்பக் குறைக்கப் போறதில்லன்னு நீங்களே பேசிடுங்க."

"நான் ரேடியோவுல பேசினது எப்ப?" என்றார் கவர்னர். "புயலுக்கு ஒரு தடவ. நான் பேசினாலே ஜன்னல் கதவுல பலக அடிக்க ஆரம்பிச்சுடுவாங்க."

"அப்ப ஆளுக்கு இவ்ளோதான் டாலருன்னு ஒரு வரம்பு வெச்சுடலாம்."

"வெச்சா, இல்லாததாலதான் வரம்பு வெக்கறாங்கம்பாங்க. கேக்கறவங்களுக்குக் கேக்கறதக் குடுங்க. வழக்கமான நேரத்துக்குத் தொறங்க, வழக்கமான நேரத்துக்கு மூடுங்க. வாசல்ல வெயில்ல நிக்கறவங்களுக்குத் தண்ணி குடுங்க. அவ்ளோதான்."

துணை கவர்னர் போன பிறகு அவர் என்னைப் பார்த்தார். நான் லீவை ரத்து செய்யச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்டுவிட்டு விமானமும் ஏறியிருப்பேன்.

"உன் லீவ நான் ரத்து பண்ண மாட்டேன்" என்றார். "பண்ணினா, இந்தியாக்காரியப் புடிச்சு வெச்சிருக்காங்கன்னு நாளைக்கே தெரிஞ்சுடும். நீ போனாலும் தெரிஞ்சுடும். நீ சனிக்கிழம அந்த விமானத்துல ஏறினா, திங்கட்கிழம இந்த வாசல்ல எவ்ளோ பேரு நிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. நம்மகிட்ட எவ்ளோ இருக்குன்னு உனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். தினமும் அந்த எண்ணைப் பார்ப்பவள் நான்தானே.

"அவ எனக்குத் தங்கச்சி மட்டும் இல்ல மேடம்" என்றேன்.

"தெரியும்" என்றார். "அதான் நான் ஒண்ணும் சொல்லல."

இதுவரைக்கும் நான் எத்தனையோ மேலதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். கெஞ்சினவர்கள் உண்டு, மிரட்டினவர்கள் உண்டு, நாட்டுக்காக என்று ஆரம்பித்து நெஞ்சைத் தொட்டவர்கள் உண்டு. முடிவை என் கையில் அப்படியே வைத்துவிட்டு, மேஜை விளக்கைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவரைப் பார்க்க வேண்டும்போல் இப்போதும் எனக்குச் சில நாள் இருக்கும். அவர் போய்ச் சேர்ந்து வெகு நாளாகிறது.

வியாழக்கிழமை காலையில் பெட்டியைப் பாதி அடுக்கி வைத்துவிட்டுத்தான் சந்தைக்குப் போனேன். முடிவு எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், போகத்தான் நினைத்திருந்தேன். ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் நானா பொறுப்பு என்று எரிச்சலோடு நடந்தேன். அன்றைக்கு யாரும் என்னை மிஸ் இந்தியா என்று கூப்பிடவில்லை. டோரத்தி மீனை வெட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"எப்ப போறே?"

நான் மீனைப் பார்த்தேன்.

"கூரை போடறதுக்குக் காசு சேத்து வெச்சிருக்கேன், உனக்கே தெரியும்" என்றாள். "அத பேங்க்லருந்து எடுத்து டாலரா மாத்திக்கட்டுமா? நீ வாயத் தொறந்து சொல்ல வேணாம். தலைய மட்டும் ஆட்டு."

மாற்று என்று சொன்னால் சந்தை முழுக்க மாற்றும். மாற்றாதே என்று சொன்னால், மத்திய வங்கிக்காரி கெஞ்சுகிறாள் என்று சந்தை முழுக்க மாற்றும். சும்மா நின்றால், பதில் சொல்ல முடியாமல் நின்றாள் என்பார்கள். சுற்றியிருந்த கடைகளில் கத்திச் சத்தம் நின்றுபோயிருந்தது. எல்லாரும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு என் பதிலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் யோசித்து எதையும் சொல்லவில்லை. வாயில் வந்தது.

"இன்னிக்கு மீன் வேணாம் டோரத்தி. புதன்கிழம நல்ல சங்கரா வந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வை. பெருசா பாத்து வை."

புதன்கிழமை என்று ஏன் சொன்னேன்? பல வாரமாக என் நாக்கில் இருந்த ஒரே கிழமை அதுதான்.

டோரத்தி நிமிர்ந்து என்னை நன்றாகப் பார்த்தாள். "புதன்கிழமையா?"

"புதன்கிழமதான். காலைல வருவேன்."

"வரலன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன், சொல்லிட்டேன்" என்றாள். பிறகு பக்கத்துக் கடைக்காரியிடம் உரக்க, "மிஸ் இந்தியாவுக்குப் புதன்கிழம சங்கரா வேணுமாம்டி" என்றாள். கத்திச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. நான் வீட்டுக்கு வந்து பெட்டியிலிருந்து புடவைகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

மறுநாள் காலை, நம் ஊருக்குச் சாயங்காலம், ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன்.

"என்னால வர முடியாதுடி."

"லீவு தர்லியா?"

"தந்துட்டாங்க."

"டிக்கெட்டு கெடைக்கலியா?"

"கெடைச்சுது."

"அப்புறம் என்னாக்கா? ஒடம்புக்கு ஏதாவதா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. ஏன்னு சொல்ல முடியாது ஸ்டெல்லா."

தமிழில் சொன்னால் அங்கே யாருக்குப் புரியப் போகிறது என்று கேட்பீர்கள். வேலையில் சேர்ந்தபோது எடுத்த ரகசிய உறுதிமொழியில் தமிழுக்கு விலக்கு கொடுக்கவில்லையே. அதுவும் போக, சித்தப்பாவுக்குத் தெரிந்தால் சாரம் முழுக்கத் தெரியும், பிரான்சில் இருக்கிற சம்பந்தி வீட்டுக்கும் தெரியும். ஸ்டெல்லா அழவில்லை, கத்தவும் இல்லை.

"சரி. சித்தப்பா கையப் புடிக்க மாட்டேன். நான் தனியாவே நடந்துக்கறேன்" என்றாள்.

சனிக்கிழமை விமானம் கிளம்புவதை வேடிக்கை பார்க்க வேலி ஓரம் நிற்பது அந்தத் தீவில் குடும்பங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகம் பேர் போனதாகக் கேள்விப்பட்டேன். நான் அந்த நேரத்தில் தபால் நிலையத்துக்கு எதிரே நின்று ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். விமானம் தலைக்கு மேலே போனது. நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை வாசலில் கூட்டம் பாதியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை, முந்தின வாரம் டாலர் வாங்கிப் போன சிலர் அதைத் திரும்பக் கொண்டுவந்து, ரொட்டிக் கடையில் சில்லறை இல்லை என்கிறான், நம் பணமே கொடுங்கள் என்றார்கள். கவர்னர் எல்லா நாளும் போல மீன் சந்தை வழியாக, அதே தொப்பி, அதே செருப்பு, அதே வேகத்தில் நடந்து வந்தார்.

புதன்கிழமை காலையில் நான் சந்தைக்குப் போனேன். ஊரில் சாயங்கால மணி அடிக்கிற நேரம். ஸ்டெல்லா வெள்ளைப் புடவையில் கோயில் வாசலில் நின்றிருப்பாள். நான் சந்தை வாசலில் கூடையோடு நின்றேன். அவள் உள்ளே காலெடுத்து வைத்திருப்பாள். நானும் நடந்தேன். இரண்டு பக்கமும் "மிஸ் இந்தியா, மிஸ் இந்தியா" என்று கூப்பிட்டார்கள். நான் இரண்டு பக்கமும் சிரித்துத் தலையாட்டிக்கொண்டே நடந்தேன். என் வலது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது, அதை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. அந்தச் சந்தை அவ்வளவு நீளமாக இருந்ததில்லை. டோரத்தி மீனைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அந்த மீனை என்னால் சாப்பிட முடியவில்லை, பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

வளையல்களைப் பிறகு பிரான்சுக்குப் போன ஒருவர் மூலம் ஸ்டெல்லாவுக்குச் சேர்த்தேன். அளவு சரியாக இருப்பதாகச் சொன்னாள். கல்யாணத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போட்டோவில் பார்த்தேன். பெஞ்சுகளுக்கு நடுவில் ஒற்றை ஆளாக, பூச்செண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருகிறாள். அவள் பக்கத்தில் ஒரு ஆள் நடக்கிற இடம் இருக்கிறது. கம்பளத்தின் நடுவில் நடக்காமல் ஓரமாக நடந்திருக்கிறாள்.

அந்தத் தீவின் பணம் இன்றைக்கும் டாலருக்கு அதே விகிதத்தில்தான் இருக்கிறது. டோரத்தி கூரை போட்டாள். அந்த வாரத்தை அங்கே யாரும் பேசுவதில்லை, பேச என்ன இருக்கிறது? புயல் வந்தால் அடையாளம் இருக்கும், தீப்பிடித்தால் கரி இருக்கும். நம் தொழிலில் நாம் சரியாக நடந்துகொண்டால் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. உங்களுக்கும் இப்படி ஒரு வாரம் வரலாம். போ என்றும் இரு என்றும் நான் சொல்ல மாட்டேன், அந்தத் தைரியம் எனக்கு இல்லை. இருந்தால் யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

நான் சாரத்துக்குத் திரும்பி வந்து தனியாகத்தான் இருக்கிறேன். காலையில் கடற்கரைச் சாலையில் நடப்பேன். கடல் அதேபோலத்தான் இருக்கிறது, ஆனால் என்னை யாரும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தீவில் இருந்தபோது சாரத்துக்கு ஏங்கினேன், சாரத்தில் இருந்துகொண்டு தீவுக்கு ஏங்குகிறேன், இரண்டு இடத்திலும் ஸ்டெல்லா இல்லை. சாயங்காலத்தில் எந்தக் கோயிலில் கல்யாண மணி அடித்தாலும் வேறு தெரு வழியாகத் திரும்பிவிடுவேன்.

போன வருடம் அவள் லீவில் வந்து என்னோடு தங்கினாள். அவள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அவள் தலையிலும் நரை. அந்த வாரம் இப்போது ரகசியம் இல்லை என்பதால், ஒரு மத்தியானம் இரண்டு பேரும் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். தங்கம், கூட்டம், கவர்னர், சங்கரா மீன், எதையும் விடவில்லை. நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் என்னாக்கா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"பணம் கவுந்துச்சா? சண்ட கிண்ட?"

"இல்லடி. ஒண்ணுமே ஆகல. கூட்டம் கலைஞ்சுது, அவ்ளோதான்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு கோபமே இல்லாமல், சின்னப் பிள்ளையில் கேட்பாளே அந்தக் குரலில் கேட்டாள்.

"ஒண்ணும் ஆகலன்னா, நீ வந்திருக்கலாமேக்கா?"

நான் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளக்க ஆரம்பித்து, வாயை மூடிக்கொண்டேன்.

"ஆமாண்டி" என்றேன். "வந்திருக்கலாம்."